மறு ஆபரேஷனில் சொதப்புவது எப்படி?

மார்பகத்துக்குள் சிலிகான் இம்பிளான்ட் வைத்து, தளர்ந்த தோலை வெட்டித் தூக்கி லிஃப்டும் செய்துகொண்டவர் நீங்கள். அது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கு ஒரு பக்கம் மேலே ஏறியிருக்கிறது, மறுபக்கம் இறங்கியிருக்கிறது. இல்லையென்றால் தொட்டால் இறுகலாக இருக்கிறது. அதுவும் இல்லையென்றால், முப்பது வயதில் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய அளவு நாற்பத்தைந்தில் பாரமாகத் தெரிகிறது. மறு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள்.

நல்ல முடிவு. அதைக் கெடுக்கும் வழி சொல்லித்தருவதுதான் என் வேலை. புதிதாக எதையும் கற்க வேண்டாம். பாதி வேலையை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள், மீதியை வரிசையாகச் செய்தால் போதும்.

1. அட்டையைத் தொலையுங்கள்

இம்பிளான்ட் வைத்தபோது ஒரு சின்ன அட்டை கொடுத்திருப்பார்கள். கம்பெனி பெயர், மாடல், எத்தனை சி.சி., இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். மிக்ஸியின் வாரன்டி கார்டைப் பத்து வருஷமாகப் பத்திரப்படுத்தும் உங்களுக்கு இதைத் தொலைப்பது கொஞ்சம் கஷ்டம்தான். முயற்சி செய்யுங்கள். வீடு மாற்றும்போது "எல்லாம் அந்தப் பையில்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பையை மட்டும் மறந்துவிட்டு வந்தால் காரியம் முடிந்தது.

அட்டையைவிட ஆபத்தான காகிதம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஆபரேஷன் குறிப்பு. வெட்டு எங்கே போட்டார்கள், இம்பிளான்ட்டைத் தசைக்கு மேலே வைத்தார்களா, அடியில் வைத்தார்களா, லிஃப்ட் செய்தபோது மார்புக்காம்பை எந்தப் பக்கத்துத் திசுவோடு சேர்த்து விட்டுவைத்தார்கள் என்று எல்லாவற்றையும் அதில் எழுதியிருப்பார்கள். இந்தக் கடைசி விஷயம் கவனிக்கத் தக்கது. லிஃப்ட் செய்யும்போது பெரும்பாலும் காம்பைத் தனியாகக் கழற்றி ஒட்டுவதில்லை. சுற்றியுள்ள தோலை எடுத்துவிட்டு, ஒரு பட்டைத் திசுவை மட்டும் அறுக்காமல் விட்டு, அதன் வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும்படி காம்பை மேலே நகர்த்துகிறார்கள். அந்தப் பட்டை மேலிருந்தும் வரலாம், கீழிருந்தும் வரலாம், பக்கத்திலிருந்தும் வரலாம். வெளியே இருந்து தழும்பைப் பார்த்து எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது முறை கத்தி எடுப்பவருக்கு அது தெரியாவிட்டால், போன தடவை காப்பாற்றி வைத்த பட்டையை இந்தத் தடவை அறுத்துவிடலாம். ரத்தம் நின்றால் காம்பு கறுத்து உதிர்ந்துபோகும். ஆகவே அந்தக் காகிதம் புதிய டாக்டர் கண்ணில் படவே கூடாது.

காலமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உள்நோயாளியின் ஆவணங்களை டாக்டர் 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் வாயைத் திறக்காமல் இருங்கள். "பழைய ரெக்கார்ட் எல்லாம் இப்ப இல்லைங்க மேடம்" என்று ரிசப்ஷனில் சொல்லும் நாள் தானாகவே வந்து சேரும்.

புதிய டாக்டர், "உள்ள என்னம்மா வெச்சிருக்காங்க?" என்று கேட்பார். "நல்ல கம்பெனிதான் டாக்டர், ஃபாரின்" என்று சொல்லுங்கள். பிரான்ஸின் பி.ஐ.பி. கம்பெனியும் ஃபாரின்தான். மருத்துவத்துக்கு அனுமதிக்கப்பட்ட சிலிகானுக்குப் பதிலாகத் தொழிற்சாலைச் சிலிகானை அடைத்து விற்றது 2010இல் அம்பலமானது. கம்பெனியை நிறுவிய ஜான் குளோத் மாஸுக்கு 2013இல் நான்கு வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அலர்கன் கம்பெனியும் ஃபாரின்தான். அதன் பயோசெல் வகை, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் இம்பிளான்ட், நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றோடு தொடர்புடையது என்று தெரிந்ததால் 2019 ஜூலையில் உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உங்களுக்குள் இருப்பது இவற்றில் ஒன்றா என்று அட்டை இருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதான் தொலைத்துவிட்டீர்களே, நிம்மதி.

2. என்ன பிரச்சினை என்று கேட்காதீர்கள்

"ஏதோ சரியில்லை டாக்டர்." இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரச்சினைக்குப் பெயர் வந்துவிட்டால் அதற்கேற்ற வைத்தியமும் வந்துவிடும். அப்புறம் சொதப்புவது சிரமம்.

உதாரணத்துக்கு இறுக்கம். உடம்பு எந்த வெளிப் பொருளைச் சுற்றியும் ஒரு சவ்வுறை கட்டிக்கொள்ளும். அது இயல்பு. சிலருக்கு மட்டும் அந்த உறை தடித்துச் சுருங்கி இம்பிளான்ட்டை நெருக்கத் தொடங்கும். டாக்டர்கள் இதை பேக்கர் அளவுகோலில் நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் மார்பகம் மென்மையாகவே இருக்கும். இரண்டாவதில் தொட்டால் கொஞ்சம் இறுக்கம் தெரியும். மூன்றாவதில் பார்த்தாலே வடிவம் மாறியிருப்பது தெரியும். நான்காவதில் வலி. மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவாக ஆபரேஷன்தான்: உறையை வெட்டிவிடுவது அல்லது எடுப்பது, புது இம்பிளான்ட்டைத் தசைக்கு மேலிருந்து அடிக்கு மாற்றுவது, சில சமயம் பதப்படுத்திய தோல் திசுவை இடையில் வைத்துத் தைப்பது.

இனி இறக்கம். இதில்தான் ஆட்டமே இருக்கிறது, ஏனென்றால் கண்ணாடியில் முதல் பார்வைக்கு இரண்டு வகை இறக்கமும் ஒரே மாதிரி தெரியலாம். ஒன்றில், மார்பகத்துக்குக் கீழே இருக்கும் மடிப்பு கொடுத்துப்போய் இம்பிளான்ட்டே கீழே நழுவியிருக்கும். காம்பு வானத்தைப் பார்க்கும். இன்னொன்றில், இம்பிளான்ட் வைத்த இடத்திலேயே இருக்க, உங்கள் சொந்த மார்பகத் திசு மட்டும் அதன் மேலிருந்து வழிந்து தொங்கும். காம்பு தரையைப் பார்க்கும். முதலாவதற்கு மடிப்பை மறுபடி மேலே ஏற்றித் தைக்க வேண்டும். இரண்டாவதற்கு மறுபடி லிஃப்ட் வேண்டும். ஒன்றின் வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் பிரச்சினை இரட்டிப்பாகும், அதாவது நாம் எதிர்பார்க்கும் பலன் கிடைக்கும்.

இதுபோக, பழைய மடிப்பு ஒரு கோடாக நின்று இரண்டு மேடாகத் தெரிவது, இரண்டு பக்க இம்பிளான்ட்டும் நடு நெஞ்சில் வந்து முட்டிக்கொள்வது, கனமான கதவைத் தள்ளும்போது தசை சுருங்கி இம்பிளான்ட் மேலே துள்ளுவது, மெல்லிய தோல் வழியே சுருக்கம் தெரிவது என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் வேறு வேறு வழி. நீங்கள் ஒன்றையும் கேட்டுக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

3. பெரிதாகக் கேளுங்கள்

"இதையெல்லாம் விடுங்க டாக்டர், கொஞ்சம் பெரிசா மாத்திட்டா தொங்கறது நிரம்பிடும்ல?"

இந்தக் கேள்விக்கு உலகமெங்கும் ரசிகர்கள் உண்டு. உண்மையிலேயே நிரம்பும். ஒரு வருஷம் நிரம்பியிருக்கும். 500 சி.சி. இம்பிளான்ட் சுமார் அரைக் கிலோ எடை. ஆவின் அரை லிட்டர் பாக்கெட் ஒன்றை ஒவ்வொரு பக்கமும் கட்டிக்கொண்டு படி ஏறிப் பாருங்கள். இதைவிடக் குறைந்த எடையைத் தாங்க முடியாமல் கொடுத்துப்போன தோல், கூடுதல் எடையை எப்படியாவது தாங்கிவிடும் என்று நம்புங்கள். தாங்காவிட்டாலும் பரவாயில்லை, இன்னும் பெரியது கடையில் இருக்கிறது.

மார்பின் அகலத்தை டேப் வைத்து அளக்க விடாதீர்கள். இம்பிளான்ட்டின் அடி அகலம் மார்பக அகலத்துக்குள் அடங்க வேண்டும், மீறினால் அக்குள் பக்கமோ நடு நெஞ்சுப் பக்கமோ பிதுங்கும் என்றெல்லாம் சொல்லி நேரத்தை வீணடிப்பார்கள். "சி கப்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு கம்பெனியின் சி இன்னொரு கம்பெனியில் டி. அதனால் பின்னாடி என்ன வந்தாலும் நீங்கள் கேட்டது அதுதான் என்று நிரூபிக்கலாம். இதைவிடச் சிறந்த வழி, தோழியின் எண்ணைக் கடன் வாங்குவது. அவள் உயரம், தோள், தோல், இரண்டு பிரசவம் எல்லாம் வேறு. ஆனால் அவளுக்கு 375 நன்றாக அமைந்தது என்றால் உங்களுக்கு 400 இன்னும் நன்றாக அமையாதா?

4. தலையாட்டும் டாக்டரைத் தேடுங்கள்

எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று கேட்பது நாகரிகமில்லை. இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பாருங்கள். "ஏஸ்தெட்டிக் எக்ஸ்பர்ட்" என்று போட்டிருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? முகத்தில் ஊசி போடுவதும் நெஞ்சைத் திறப்பதும் ஒரே கைதானே செய்கிறது.

முதல் ஆபரேஷன் செய்வதும் மறு ஆபரேஷன் செய்வதும் வேறு வேறு வேலை. இரண்டாவதில் தழும்பு இருக்கும், தோல் மெலிந்திருக்கும், ரத்த ஓட்டம் மாறியிருக்கும், திசுவின் அடுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். ஆகவே "மத்தவங்க செஞ்சதைத் திருத்தின கேஸ் நீங்க எத்தனை பாத்திருக்கீங்க? அதுல ஒரு வருஷம் கழிச்சு எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்டுவிடாதீர்கள். மூன்றாவது வாரத்தில் எடுத்த போட்டோவே போதும். அப்போது எல்லாமே மேலே இருக்கும். வீக்கம் தூக்கிப் பிடித்திருக்கும்.

இரண்டு டாக்டர்களைப் பார்ப்பதாக இருந்தால் இப்படித் தேர்ந்தெடுங்கள். ஒருவர், "மொதல்ல உள்ள இருக்கறதை எடுத்துடுவோம். சில மாசம் தோலும் ரத்த ஓட்டமும் சரியாகட்டும். அப்புறம் லிஃப்ட் பண்றதா, மறுபடி வைக்கறதான்னு பாக்கலாம்" என்பார். எழுந்து வந்துவிடுங்கள். இன்னொருவர், "எல்லாம் ஒரே சிட்டிங்ல முடிச்சுடலாம் மேம், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்பார். பக்கத்தில் இருக்கும் கவுன்சலர் உடனே இ.எம்.ஐ. கணக்கைத் திருப்பிக் காட்டுவார். மகளிர் தினத் தள்ளுபடி வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அட்வான்ஸ் கட்டிவிடுங்கள்.

ஒன்றைக் கேட்கப் போய் இன்னொன்றோடு திரும்புவதில் நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண், நெஞ்சில் குத்தியிருந்த பச்சையை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு டாக்டர்கள் புதிதாகச் சிலிகான் இம்பிளான்ட் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். அந்தம்மாவுக்குத் தன் காதுகள் விடைத்துக்கொண்டிருப்பதுதான் குறை. காதையும் சரிசெய்து தருவதாகச் சொன்னதும் சம்மதித்தார். உலகத்தின் முதல் சிலிகான் இம்பிளான்ட் அப்படித்தான் ஏறியது. நீங்கள் காது விஷயத்தைக்கூடப் பேரம் பேசவில்லை என்பதுதான் வித்தியாசம்.

5. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியுங்கள்

இம்பிளான்ட் தோலை உள்ளிருந்து விரிக்கிறது. லிஃப்ட் அதே தோலைக் குறைத்து இழுத்துக் கட்டுகிறது. இரண்டு எதிரெதிர் வேலையை ஒரே மேஜையில் செய்வது முதல் தடவையே நுணுக்கமான கணக்கு. சேர்த்துச் செய்தவர்களில் திருத்தத்துக்குத் திரும்ப வருபவர்கள் அதிகம் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்ததுதான். நீங்களே வந்திருக்கிறீர்களே.

இப்போது அதன் மேல் இன்னும் இரண்டைச் சேருங்கள். பழைய உறையை உரித்தெடுப்பது, இம்பிளான்ட்டின் இடத்தை மாற்றுவது. ஒவ்வொரு வேலையும் மார்பகத்துக்கு ரத்தம் வரும் ஒரு வழியைக் கொஞ்சம் அடைக்கும். நான்கையும் ஒன்றாக வைத்தால் எந்த வழி மிச்சம் என்பது, முதல் படியில் தொலைத்த காகிதத்தில் இருந்தது. நல்ல டாக்டர் சிலருக்கு ஒரே தடவையில் செய்யத் துணிவார், சிலருக்குப் பிரித்துத்தான் செய்வார். யார் எந்த வகை என்று பரிசோதித்துத்தான் சொல்வார். அவரை நீங்கள் நான்காம் படியிலேயே கழித்துக் கட்டிவிட்டீர்கள்.

6. உறையைப் பற்றி யூடியூபில் படியுங்கள்

"என்பிளாக்" என்று ஒரு சொல் இருக்கிறது. இம்பிளான்ட்டையும் சுற்றியுள்ள உறையையும் பிரிக்காமல் மொத்தமாக எடுப்பது. புற்றுநோய் ஆபரேஷனில் பிறந்த சொல். இம்பிளான்ட் சார்ந்த அந்த நிணநீர்ப் புற்றுநோய் வந்தவருக்கு உறை முழுக்க வெளியே வந்தே ஆக வேண்டும். உங்களுக்கு அது இல்லை. ஆனாலும் கேளுங்கள். வீடியோவில் ஒரு பெண் தட்டில் வைத்துக் காட்டினாளே, அதே மாதிரி வேண்டும் என்று அடம்பிடியுங்கள். தசைக்கு அடியில் இருக்கும் மெல்லிய உறை விலா எலும்போடு ஒட்டியிருக்கும் என்றும், அதைச் சுரண்டப் போய் நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் ஓட்டை விழலாம் என்றும் டாக்டர் சொன்னால், அவருக்கு என்பிளாக் தெரியவில்லை என்று முடிவுகட்டுங்கள்.

இதன் மறுபாதியும் இருக்கிறது. பல வருஷம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால், உள்ளே நீர் கோத்தது போல் இருந்தால், கண்டுகொள்ளாதீர்கள். உண்மையில் அந்த நீரை ஊசியால் எடுத்துப் புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய நேரம் அதுதான். நோய் அரிதானது. சீக்கிரம் கண்டுபிடித்து, இம்பிளான்ட்டையும் உறையையும் எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். நீங்கள் ஒத்தடம் கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பற்றும் போடலாம்.

சோர்வு, மூட்டு வலி, மறதி என்று சில பெண்கள் சொல்வார்கள், இம்பிளான்ட்டை எடுத்ததும் தேவலை என்பார்கள். இதைக் காட்டித்தரும் ஒரே பரிசோதனை என்று எதுவும் இன்னும் வரவில்லை. அதனால் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். எல்லா உபாதைக்கும் இம்பிளான்ட்டே காரணம் என்று தைராய்டு பரிசோதனைகூடச் செய்யாமல் விடுங்கள், அல்லது எல்லாம் மனப்பிரமை என்று சொல்லும் டாக்டரிடமே தொடருங்கள்.

7. ஸ்கேன் வேண்டாம்

உப்புநீர் நிரப்பிய இம்பிளான்ட் கிழிந்தால் சப்பையாகிவிடும், மறைக்க முடியாது. சிலிகான் ஜெல் அப்படியில்லை. கிழிந்தாலும் உறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் வலி எதுவும் இல்லாவிட்டாலும் 5 முதல் 6 வருஷத்தில் முதல் ஸ்கேன், அதன் பிறகு 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. உங்களுக்கு வலி இல்லை. அப்புறம் எதற்கு? தியேட்டரில் திறந்த பிறகு டாக்டருக்கும் ஒரு ஆச்சரியம் இருக்கட்டும்.

மாமோகிராமையும் கைவிடுங்கள். அழுத்தினால் உடைந்துவிடும் என்று யாரோ சொன்னது காரணமாக இருக்கட்டும். அப்படியே போனாலும் இம்பிளான்ட் இருப்பதை அங்கே சொல்லாதீர்கள். சொன்னால் இம்பிளான்ட்டைப் பின்னால் தள்ளிவைத்துக் கூடுதலாகச் சில படம் எடுப்பார்கள், மறைந்திருக்கும் திசுவும் தெரிந்துவிடும்.

8. "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்ல டாக்டர்."

தலைவலி மாத்திரை மருந்தா? மூட்டுக்கு எடுக்கும் லேகியம்? மீன் எண்ணெய் மாத்திரை? ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை இவற்றில் இருக்கலாம் என்று கேட்கும் கேள்வி அது. நீங்கள் டாக்டரோடு பேசுவது ஆஸ்பத்திரி மருந்தைப் பற்றி மட்டும். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குவதையும் சொல்ல வேண்டாம், அது வீட்டு விஷயம்.

புகைப்பவராக இருந்தால் விடாதீர்கள். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஏற்கெனவே ஒருமுறை வெட்டி இடம் மாற்றிய காம்பு அந்தச் சின்னக் குழாய்களை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. குறைந்தது நான்கு வாரமாவது முன்பே நிறுத்தச் சொல்வார்கள், சிலர் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்வார்கள். பரிசோதனை செய்யாத இடம் எது என்று தேடிப் போங்கள்.

9. கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு தேதி குறியுங்கள்

உங்கள் கல்யாணம் இல்லை, அண்ணன் மகள் கல்யாணம். புடவைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வேண்டும், அதற்குள் எல்லாம் 'செட்' ஆகிவிட வேண்டும். வீக்கம் வடிந்து வடிவம் நிலைபெற மாதக்கணக்கு ஆகும், தழும்பு மங்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்பதெல்லாம் முகூர்த்த நாள் தெரியாதவர்கள் பேச்சு. போன ஆபரேஷன் நடந்தே நான்கு மாதம்தான் ஆகிறது என்றால் இன்னும் நல்லது. பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை பொறுத்த பிறகுதான் திருத்தத்தைப் பற்றியே பேச்செடுப்பார்கள். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரைத் தவிர வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். "ஆஃபீஸ் டூர்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள். முதல் வாரம் கையைத் தூக்கித் தலை வார முடியாது. தண்ணீர் கேன் மாற்ற முடியாது. ஐந்து லிட்டர் குக்கரை அடுப்பிலிருந்து இறக்க முடியாது. மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்குங்கள். உள்தையல் பிரிந்தால், புதிதாக ஏற்றிக் கட்டிய மடிப்பு மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும். கல்யாண ஆல்பத்தில் இரண்டும் இரண்டு உயரத்தில் இருக்கும்.

10. சும்மா எடுத்துவிடுவதைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள்

இந்தப் படியில் மட்டும் வழுக்கிவிட்டால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே கவனமாகப் படியுங்கள்.

மறு ஆபரேஷன் என்றால் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டு எதையும் வைக்காமல் விடுவதும் ஒரு வழி என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. பாக்கேஜ் பட்டியலில் அது கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்காது. அதில் விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லை.

இருந்தாலும் எதிரியின் ஆயுதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. வெறுமனே எடுப்பது: தோல் ஓரளவு சுருங்கும், எவ்வளவு என்பது வயது, இம்பிளான்ட்டின் அளவு, எத்தனை வருஷம் இருந்தது, சொந்தத் திசு எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. சப்பையாகவும் தொங்கலாகவும் நிற்க வாய்ப்புண்டு, சிலருக்கு ஆச்சரியப்படும்படி பழைய வடிவத்துக்குத் திரும்பவும் செய்யும். எடுத்துவிட்டு லிஃப்ட் செய்வது: சிறியதாகவும் மேலாகவும் நிற்கும், தழும்பு கூடும். காம்பைச் சுற்றி மட்டும் வட்டமாக ஒன்று, அதிலிருந்து செங்குத்தாகக் கீழே ஒன்று, மடிப்போடு சேர்த்து நங்கூர வடிவில் ஒன்று என்று தளர்ச்சிக்குத் தக்கபடி வெட்டு மாறும். பழைய தழும்பின் மேலேயே போட முடிந்தால் புதிதாக அதிகம் சேராது.

மூன்றாவது, கொழுப்பு. வயிற்றிலோ தொடையிலோ இருந்து உறிஞ்சி எடுத்து, வடிகட்டி, மார்பகத்தில் நுண்ணிய துளிகளாகச் செலுத்துவது. சொந்தச் சரக்கு, காலாவதி ஆகாது. ஆனால் செலுத்தியதில் ஒரு பகுதி கரைந்துபோகும், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்ய வேண்டி வரலாம். பெரிய இம்பிளான்ட் விட்டுப்போன இடத்தை அதை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. உயிர் பிடிக்காத கொழுப்பு சின்னக் கட்டியாக நின்று மாமோகிராமில் தெரிந்து கொஞ்ச நாள் தூக்கத்தைக் கெடுப்பதும் உண்டு.

பழையதைவிடச் சிறிய இம்பிளான்ட் வைத்து லிஃப்ட் செய்வது நான்காவது வழி. எடை குறையும், தோல் பிழைக்கும். இதைக் கேட்டு வாங்கியவர்கள் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அதனால்தான் அவர்களுடைய வீடியோ எங்கும் ஓடுவதில்லை.

இத்தனையையும் படித்துவிட்டீர்கள். பரவாயில்லை. "எடுத்துட்டா பழைய மாதிரி ஆயிடுவியே?" என்று வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டால் போதும், எல்லாம் மறந்துபோகும். நெஞ்சு யாருடையது, எடை யார் சுமப்பது என்று திருப்பிக் கேட்பது மட்டும் இந்தக் கையேட்டின் விதிகளுக்குப் புறம்பானது.

11. கையில் இருப்பதையெல்லாம் இந்தத் தடவையே செலவழியுங்கள்

இம்பிளான்ட் ஆயுள் முழுக்க வரும் பொருள் இல்லை என்று எஃப்.டி.ஏ. பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 8 முதல் 10 வருஷத்துக்குள் எடுக்க நேர்கிறது என்பதும் அவர்கள் 2011இலேயே சொன்ன கணக்கு. மீதி நான்கு பேரில் நீங்கள் ஒருவர். போன தடவையும் அப்படித்தான் நினைத்தீர்கள்.

நம்மூர் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசியில் அழகுக்கான ஆபரேஷன் விலக்கு என்று எழுதியே இருக்கும். புற்றுநோய், விபத்து, தீக்காயத்துக்குப் பிறகு சீரமைப்பது, உயிருக்கோ உடம்புக்கோ அவசியம் என்று டாக்டர் சான்று கொடுப்பது என்று சில வாசல்கள் மட்டும் திறந்திருக்கும். இதைக் க்ளெய்ம் போடும் அன்றைக்குப் படித்துக்கொள்ளலாம். கம்பெனி உத்தரவாதம் இருக்கிறதே என்பீர்கள். அது முக்கியமாகப் பொருளுக்கு. புது இம்பிளான்ட் இலவசமாக வந்து இறங்கும், தியேட்டர், மயக்க மருந்து, டாக்டர் கட்டணம் என்று மீதி பில்லின் பெரும்பங்கு உங்கள் பெயரில் வரும். அதற்கும் வரிசை எண் வேண்டும். எங்கே அந்த அட்டை?

12. கையெழுத்துப் போடுங்கள்

2021 அக்டோபரிலிருந்து அமெரிக்காவில் இம்பிளான்ட் வைப்பதற்கு முன்பு ஒரு பட்டியலைக் கொடுத்து, ஆபத்துகளைச் சொல்லும் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் நோயாளி தன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு நேர விரயம்! நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆபரேஷன் அன்று காலை ஆறரை மணிக்கு, பச்சைக் கவுன் மாட்டி, கையில் ஊசி குத்திய பிறகு நர்ஸ் ஒரு ஃபார்ம் நீட்டுவார். "இங்க, இங்க, அப்புறம் இங்க." எழுத்து சின்னது, கண்ணாடியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டீர்கள். எந்தக் கம்பெனி, எத்தனை சி.சி. என்ற இடம் நிரப்பாமல் இருந்தாலும் போட்டுவிடுங்கள்.

முந்தின நாளே ஃபார்மை வீட்டுக்கு வாங்கி வந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது குறிப்பின் நகலையும் புது அட்டையையும் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கும் அனுப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேராதீர்கள்.

மூன்றாவது ஆபரேஷனுக்கும் இதே கையேடு செல்லும், புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். ஒரே ஒரு மாற்றம்: அப்போது தோல் இதைவிடக் குறைவாக இருக்கும், தழும்பு இதைவிட அதிகமாக இருக்கும், சரிசெய்கிறேன் என்று சொல்லும் நல்ல டாக்டர்கள் இதைவிடச் சிலரே இருப்பார்கள்.